உஷார்! சிங்கப்பூர்ச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள்!

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதா? கையில் இருக்கும் கால்குலேட்டரை முதலில் கீழே வையுங்கள்.

வைத்துவிட்டீர்களா? இப்போது கேளுங்கள். உங்கள் வீட்டில் இன்று என்ன நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். 'சிங்கப்பூரில் பெர்மனென்ட் வேலை' என்று மெயில் வந்திருக்கும். சம்பளத்தை இன்றைய டாலர் விலையால் பெருக்கியிருப்பீர்கள். லட்சக்கணக்கில் ஒரு தொகை வந்திருக்கும். அம்மா சாமி படத்துக்கு முன் லெட்டரை வைத்திருப்பார். மாமனார் பத்துப் பேருக்குப் போன் போட்டிருப்பார். நீங்கள் ராஜினாமா கடிதம் எழுத உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்தக் கடிதத்தை இன்று அனுப்பாதீர்கள்!

சம்பளம் எத்தனை லட்சம் என்பது கேள்வியே இல்லை. மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்? வேலை போனால் எத்தனை நாள் அந்த ஊரில் நிற்க முடியும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் விமானம் ஏறிய ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன்.

சென்னையில் கணவன், மனைவி இருவருமே சம்பாதித்தார்கள். அவருக்கு மென்பொருள் வேலை, கைக்கு 1,30,000 ரூபாய். அவளுக்குத் தனியார் வங்கியில் 70,000. பெருங்குடிப் பக்கம் கடனில் வாங்கிய ஃபிளாட், இஎம்ஐ 42,000. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். கீழ் வீட்டிலேயே அவருடைய மாமியார், அதனால் பையனைப் பார்த்துக்கொள்ள ஆயா செலவு இல்லை. மாதம் ஐம்பதாயிரம் நிம்மதியாக மிஞ்சியது. இரண்டு பேர் பிஎஃப் தனி.

2023-இல் அவருக்குச் சிங்கப்பூரில் 7,500 டாலருக்கு வேலை கிடைத்தது. அங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அப்போது ஒரு வெள்ளி சுமார் 61 ரூபாய். பெருக்கினால் நாலரை லட்சத்துக்கும் மேல்! இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டினாலும் அதில் பாதி வராது. அவள் வங்கி வேலையை விட்டாள். பையனுக்கு டிசி வாங்கினார்கள். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகை மாமியாரின் மருந்துக்கும் ஃபிளாட் பராமரிப்புக்குமே சரியாகப் போயிற்று.

அங்கே போய் இறங்கிய முதல் வாரமே முதல் அடி.

வாடகை வீடு. செங்காங்கில் ஒரு வீவக அடுக்குமாடி வீடு, அதாவது அரசாங்கம் கட்டிய வீடு. மாதம் 2,800 வெள்ளி. ஒப்பந்தம் இரண்டு வருடம் என்பதால் முன்பணம் இரண்டு மாத வாடகை, 5,600. முதல் மாத வாடகை 2,800. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை இருக்கிறது, அதைக் கட்டுவது குடியிருக்கப் போகிறவர்தான். மொத்த வாடகையில் 0.4 சதவீதம், இவர்களுக்கு 268 வெள்ளி. ஆக 8,668 வெள்ளி. ஐந்து லட்சம் ரூபாய்க்கும் மேல்! முதல் சம்பளம் வருவதற்கு முன்னால்! கட்டில், குக்கர், பாய், தலையணை எதுவும் இன்னும் வாங்கவில்லை. அவளுடைய தாலிக்கொடி தவிர மற்ற நகை அடகுக்குப் போனது அந்த வாரம்தான்.

பிறகு மாதக் கணக்கு. அவளே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வரிவரியாகச் சொல்கிறேன். வாடகை 2,800. மின்சாரம், தண்ணீர், இன்டர்நெட், இரண்டு போன் 300. பையனின் பள்ளியும் பள்ளி வேனும் 1,500. மளிகை, காய்கறி, பால், எப்போதாவது வெளியில் சாப்பாடு 1,100. ரயில், பஸ் 300. மருத்துவக் காப்பீடு 150. வருமான வரிக்கென்று எடுத்து வைப்பது 300. சென்னை ஃபிளாட்டின் இஎம்ஐ 690. அவருடைய அப்பா, அம்மாவுக்கு அனுப்புவது 330.

கூட்டுங்கள். 7,470.

மிச்சம் 30 வெள்ளி!

ஒரு பல்வலி வந்தால் அந்த முப்பது போதாது. அவர்கள் ஊதாரிகள் இல்லை. காரா வாங்கினார்கள்? அந்த ஊரில் கார் வைத்துக்கொள்ள பத்து வருட உரிமச் சான்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்று மட்டும் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது, காரின் விலை தனி. இவர்கள் தேக்கா சந்தையில் மலிவாகக் காய் வாங்கி, எம்ஆர்டி ரயிலில் நின்றபடி போய் வந்த குடும்பம். அப்படியும் முப்பது.

எங்கே தப்பு? சம்பளத்தை ரூபாயில் பார்த்தார்கள், செலவை வெள்ளியில் பார்க்கவில்லை. இரண்டு சம்பளம் ஒரு சம்பளமாகப் போவதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பெண்களே, இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'நீயும் அங்கே ஒரு வேலை தேடிக்கலாம்' என்று வீட்டில் சொல்வார்கள். முன்பு அது ஓரளவு சுலபம். கணவருடன் வந்திருக்கும் டிபென்டன்ட் பாஸ்காரர்கள் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கி வேலை பார்க்கலாம். 2021 மே மாதத்தோடு அது முடிந்தது. இப்போது உங்கள் பெயரில் தனி வேலை அனுமதி வேண்டும். அதற்கு உங்களை ஒரு நிறுவனம் எடுக்க வேண்டும், அந்த வேலைக்குரிய தகுதிச் சம்பளமும் உங்களுக்குத் தர வேண்டும். பத்து வருடம் வங்கியில் இருந்தவள், விண்ணப்பித்து விண்ணப்பித்து, கடைசியில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கலாமா என்று யோசித்தாள். நல்லவேளை, யாரோ தடுத்தார்கள். அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு டியூஷன் எடுத்தாலும் அது சட்டவிரோத வேலைதான்!

குடும்பத்தைக் கூட்டிப்போவதற்கே நிபந்தனை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. மனைவி, பிள்ளைகளுக்கு டிபென்டன்ட் பாஸ் வேண்டும் என்றால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி. பெற்றோரை நீண்ட நாள் தங்க வைக்க 12,000. 'அப்பா, அம்மாவையும் அழைச்சுட்டுப் போயிடுவேன்' என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகிற பிள்ளைகளே, உங்கள் ஆஃபர் லெட்டரில் அந்த 12,000 இருக்கிறதா?

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இங்கேதான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். 'சிங்கப்பூரில் அரசுப் பள்ளியே உலகத் தரம்' என்பார்கள். உண்மைதான். ஆனால் அது யாருக்கு? முதலிடம் குடிமக்களின் பிள்ளைகளுக்கு, பிறகு நிரந்தரவாசிகளுக்கு, மிஞ்சிய இடம் இருந்தால் உங்கள் பிள்ளைக்கு. நடுவில் சேர வேண்டுமானால் வெளிநாட்டு மாணவர்களுக்கான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், ஆங்கிலமும் கணக்கும். தேறினாலும் நீங்கள் கேட்கும் பள்ளி கிடைக்கும் என்று உறுதி கிடையாது. குடிமக்களின் பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளிக் கட்டணமே இல்லாத அதே வகுப்பறையில், இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைக்கு மாதம் பல நூறு வெள்ளி. இடம் கிடைக்காவிட்டால் இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளி. அங்கே மாதம் ஆயிரத்துக்கு மேல்தான் பேச்சு. கைக்குழந்தை என்றால் இன்னும் கொடுமை. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் சிங்கப்பூர் அரசு தரும் மானியம் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான், நீங்கள் முழுக் கட்டணம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தாலோ, சம்பளத்துக்கு மேல் அரசாங்கத்துக்கு மாதம் 300 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும்.

மருத்துவமும் அப்படியே. அரசு மருத்துவமனையில்கூட வெளிநாட்டவருக்கு மானியம் இல்லாத முழு பில். கட்டுமானத் தொழிலாளிகள் வைத்திருக்கும் ஒர்க் பெர்மிட்டுக்கும் நடுத்தர ஊழியர்களின் எஸ் பாஸுக்கும் முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இவரைப் போன்றவர்களுக்குத் தரும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது! பெரிய சம்பளக்காரர் தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நல்ல நிறுவனங்கள் கொடுக்கின்றன. உங்கள் நிறுவனம் கொடுக்கிறதா, மனைவி பிள்ளைக்கும் சேர்த்தா, பிரசவம் உண்டா? எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கதை இன்னும் முடியவில்லை.

பதினாறாவது மாதம் அவருடைய நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. ஒரு மாத நோட்டீஸ். 'பெர்மனென்ட் வேலைன்னுதானே சொன்னீங்க?' என்று இவர் கேட்டாராம். வேலை பெர்மனென்ட்தான். அவர் அங்கே இருப்பதற்கான அனுமதி பெர்மனென்ட் இல்லையே! முதல் தடவை எம்ப்ளாய்மென்ட் பாஸ் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத்தான். அதுவும் அந்த ஒரு முதலாளியின் பெயரில். வேலை போனால் பாஸ் ரத்து. ரத்தானால் வழக்கமாக 30 நாள் தங்கலாம். அதற்குள் வேறு வேலை கிடைத்து, புதுப் பாஸுக்கும் வழி பிறக்க வேண்டும். கணவர் பாஸ் போனால் மனைவி, பிள்ளை பாஸும் கூடவே போகும்.

இழப்பீடு? ஆட்குறைப்புக்கு இவ்வளவு தந்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. இவருக்கு எழுதவில்லை. இரண்டு வருடச் சேவையும் ஆகவில்லை, அதனால் கேட்டு வாங்கவும் வலு இல்லை.

சரி, கடைசிச் சம்பளமாவது வரும், டிக்கெட் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அதுவும் வரவில்லை! வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால், முதலாளி அதை முன்கூட்டியே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவித்து, வரிக் கணக்கு முடியும்வரை கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். சம்பளம், விடுப்புப் பணம் எல்லாமே நிற்கும். அங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை, இந்த வருடச் சம்பாத்தியத்துக்கு அடுத்த வருடம் பில் வரும். நம் ஊர் டிடிஎஸ் பழக்கத்தில் 'ஆஹா, பிடித்தமே இல்லை' என்று மகிழ்ந்து செலவழித்தவர்கள், கிளம்பும் நாளில் மொத்தமாக மாட்டுகிறார்கள். இவர்களாவது எடுத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் பணம் கைக்கு வர வாரங்கள் ஆயின. அதுவரை சாப்பிட வேண்டும் அல்லவா?

அடுத்தது வாடகை வீடு. இரண்டு வருட ஒப்பந்தத்தில் எட்டு மாதம் பாக்கி. வெளிநாட்டவர் வாடகை ஒப்பந்தங்களில் 'டிப்ளமேட்டிக் க்ளாஸ்' என்று ஒரு ஷரத்து போடுவார்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், வழக்கமாக ஒரு வருடம் முடிந்த பிறகு, இரண்டு மாத நோட்டீஸில் வீட்டைக் காலி செய்யலாம், முன்பணம் திரும்ப வரும். இவர்கள் ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இல்லை. அதை எடுத்துவிட்டால் வாடகையில் 100 வெள்ளி குறைப்பதாக வீட்டுக்காரர் சொன்னார், சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டு 5,600 போயிற்று!

திரும்பி வந்தார்கள். ஃபிளாட்டில் குடியிருந்தவர் காலி செய்ய அவகாசம் கேட்டார். பையனுக்குக் கல்வியாண்டு நடுவில் பள்ளியில் இடமில்லை. அவளுடைய பழைய வங்கியில் அவள் நாற்காலியில் வேறொரு பெண். நகை இன்னும் அடகுக் கடையில். அவர் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார், பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அவள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கணக்கு நோட்டை எனக்குக் காட்டி, 'நாலு பேருக்குச் சொல்லுங்கக்கா' என்றவள் அவள்தான்.

சிங்கப்பூரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். நடு இரவில் ஒரு பெண் தனியாக வீடு திரும்பலாம். ரயில் நேரத்துக்கு வரும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நான்கு மணி நேரச் சொச்சத்தில் போய்விடலாம். வருமான வரி நம்மைவிட மிகக் குறைவு. கல்யாணமாகாத பிள்ளை, ஒரு வீட்டில் ஓர் அறையை மட்டும் ஆயிரம் வெள்ளி அளவில் எடுத்துக்கொண்டு, உணவங்காடியில் சாப்பிட்டு, அதே 7,500-இல் பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். அப்படிப்பட்டவர் தைரியமாகப் போகலாம், நானே வழியனுப்ப வருகிறேன். என் பயமெல்லாம் இரட்டைச் சம்பளத்தை விட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளையோடு, ஊரில் கடனையும் வைத்துக்கொண்டு, ஒற்றைச் சம்பளத்துக்குப் போகிறவர்களைப் பற்றித்தான். ஒரே சம்பளம், ஒரே ஊர், இரண்டு குடும்பத்துக்கு இரண்டு தலையெழுத்து!

இனி அபாய அறிகுறிகள். இதில் ஒன்று உங்கள் விஷயத்தில் பொருந்தினாலும் நின்று யோசியுங்கள்.

'முதல்ல விசிட்ல வந்துடுங்க, அப்புறம் பாஸ் மாத்திக்கலாம்' என்கிறார்களா? ஓடுங்கள்! பாஸுக்கு விண்ணப்பிப்பது முதலாளியின் வேலை. மனிதவள அமைச்சு தரும் முன் ஒப்புதல் கடிதம், ஐபிஏ என்பார்கள், அது வந்த பிறகுதான் வேலைக்கென்று விமானம் ஏற வேண்டும்.

சம்பளத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்களா? காகிதத்தில் தகுதிச் சம்பளத்தைக் காட்டுவார்கள். வங்கியில் முழுப் பணமும் விழும். பிறகு ரொக்கமாக ஆயிரம், இரண்டாயிரம் திருப்பிக் கேட்பார்கள். இது அங்கே குற்றம். மாட்டினால் முதலாளிக்கு மட்டும் ஆபத்து இல்லை, உங்கள் பாஸும் போகும், மறுபடி அந்த நாட்டுக்குள் வேலைக்கு நுழைவதே கஷ்டமாகிவிடும்.

ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்கிறாரா? சிங்கப்பூர் ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடியது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்டுக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வரம்பு. 'நாலு லட்சம் கட்டினா ஸ்யூர்' என்கிறவர் ஏஜென்டே இல்லை.

வயது முப்பதைத் தாண்டியும் சம்பளம் விளிம்பில் இருக்கிறதா? இதைப் பலர் கவனிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2025 ஜனவரியிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. இது சின்ன வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். நாற்பத்தைந்து வயதில் மற்ற துறைகளில் 10,700 ஆகிவிடும். அதாவது உங்கள் சம்பளம் உயராமல் வயது மட்டும் உயர்ந்தால், பாஸைப் புதுப்பிக்கும்போது நீங்கள் தகுதி இழக்கலாம்! வேலையில் ஒரு குறையும் இருக்காது, மேனேஜருக்கு உங்களைப் பிடித்திருக்கும், ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான். போதாததற்கு 'காம்பஸ்' என்ற புள்ளி முறை வேறு. 2023 செப்டம்பரில் புது விண்ணப்பங்களுக்கும், 2024 செப்டம்பரில் புதுப்பித்தலுக்கும் வந்துவிட்டது. 40 புள்ளி வேண்டும். உங்கள் சம்பளமும் படிப்பும் மட்டும் போதாது, உங்கள் நிறுவனத்தில் எத்தனை நாட்டினர் கலந்திருக்கிறார்கள், உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்பதற்கும் புள்ளி உண்டு. முழுக்க நம் ஊர் ஆட்களே நிறைந்த அலுவலகம் என்றால் பேச்சுத்துணைக்கு நன்றாக இருக்கும், புள்ளிக்கு ஆகாது. மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே தகுதியைச் சோதித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. இன்றைய வயதைப் போட்டு ஒரு முறை, இரண்டு வயது கூட்டி ஒரு முறை பாருங்கள்.

'ரெண்டே வருஷத்துல பி.ஆர். வாங்கித் தர்றோம்' என்கிறார்களா? நிரந்தரவாசம் தருவது அந்த நாட்டு அரசு. நிறுவனமோ ஏஜென்டோ வாக்குக் கொடுக்கவே முடியாது. கிடைத்தாலும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பி.ஆர். ஆனதும் மத்திய சேம நிதிக்குப் பிடித்தம் ஆரம்பிக்கும். முதல் வருடம் குறைவாக, மூன்றாம் வருடத்தில் 20 சதவீதம்வரை. சேமிப்புதான், ஆனால் கைக்கு வரும் சம்பளம் சுருங்கும். இன்னொன்று, பெற்றோர் வழியாக பி.ஆர். ஆகும் மகன் வளர்ந்ததும் இரண்டு வருடம் தேசிய சேவைக்குப் போக வேண்டும். பையனுக்கு இப்போது எட்டு வயதுதான் என்று சிரிக்காதீர்கள். தவிர்க்கப் பார்த்தால் பின்னால் அவன் அங்கே படிக்க, வேலை பார்க்க விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும்.

வீட்டைப் பார்க்காமலே முன்பணம் அனுப்பச் சொல்கிறார்களா? அனுப்பாதீர்கள். 'நிறைய பேர் கேக்கறாங்க, இன்னிக்கே போட்டா உங்களுக்கு' என்று அவசரப்படுத்துவார்கள். அங்கே வீட்டு முகவர்கள் அரசாங்கப் பதிவேட்டில் இருப்பவர்கள், பெயரையும் எண்ணையும் இணையத்தில் சரிபார்க்கலாம். வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் தன் கையில் வாங்கவே கூடாது என்பது விதி. பணம் நேராக வீட்டுக்காரர் கணக்குக்குப் போக வேண்டும். முகவரே தன் கணக்கில் போடச் சொன்னால் அவர் முகவரும் இல்லை, அந்த வீடு அவர் கையிலும் இல்லை.

சமையல் விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். 'லேசான சமையல் மட்டும்' என்று நிபந்தனை போடும் வீட்டுக்காரர் உண்டு. அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் சாம்பார் தாளிக்க முடியாமல் மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டு, சேமிப்பு முழுவதையும் வயிற்றுக்கே செலவழித்த கதை நிறைய. உணவங்காடியில் ஒரு சாப்பாடு ஐந்தாறு வெள்ளிக்கு முடியும். உணவகத்தில் உட்கார்ந்தால் விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி. மெனு அட்டையில் இருக்கும் விலை நீங்கள் கொடுக்கப்போகும் விலை இல்லை.

விடுப்பு எத்தனை நாள் என்று ஆஃபரில் இல்லையா? சட்டப்படி முதல் வருடம் வெறும் 7 நாள் போதும் அவர்களுக்கு. நிறைய நிறுவனங்கள் அதிகம் தருகின்றன, ஆனால் கேட்டு எழுதி வாங்கினால்தான் உங்களுக்கு. தீபாவளிக்கு அங்கே பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. ஊரில் ஒரு துக்கம், ஒரு கல்யாணம், அப்பாவுக்கு ஓர் ஆபரேஷன் என்றால் ஏழு நாள் எங்கே போதும்? பண்டிகை நேரத்து விமான டிக்கெட் மூன்று பேருக்கு என்ன ஆகும் என்று இப்போதே பார்த்து, பன்னிரண்டால் வகுத்து, மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எவ்வளவு வந்தால் போகலாம் என்று கேட்பீர்கள். ஒரு தொகையை நான் எப்படிச் சொல்வது? ஒரு காகிதம் எடுங்கள். அங்கே ஆகும் செலவு முழுவதையும் வெள்ளியில் எழுதுங்கள். ஊருக்கு அனுப்ப வேண்டியதையும் வெள்ளியாக மாற்றி அதிலேயே எழுதுங்கள். மிச்சத்தை மட்டும் ரூபாயாக்குங்கள். அந்த மிச்சத்தை, இன்று நீங்கள் இருவரும் சேர்ந்து பிடிக்கும் மிச்சத்தோடும் பிஎஃப்போடும் ஒப்பிடுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும்வரை அங்கே உங்களுக்குச் சேம நிதி கிடையாது, முதலாளி பங்கும் கிடையாது, அதை மறக்காதீர்கள். இன்றைய மிச்சத்தைவிட அங்கே இரண்டு பங்காவது கூடுதலாக வராவிட்டால், ஐம்பது கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏன் போக வேண்டும் என்பது என் கேள்வி. சிலர் பணத்துக்காக இல்லை, அனுபவத்துக்காகப் போகிறோம் என்பார்கள். போகட்டும். ஆனால் இஎம்ஐ-க்கு அனுபவத்தைக் கட்ட முடியாது.

சம்பளத்தோடு வேறு என்ன பேச வேண்டும் என்று தெரியாமல், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள் நம் பிள்ளைகள். முதல் மாதத்துக்குத் தங்க இடம், விமான டிக்கெட், வீட்டு முன்பணத்துக்கு வட்டியில்லா முன்தொகை, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கு, ஆட்குறைப்பு என்றால் எத்தனை மாதச் சம்பளம். இவை எல்லாம் கேட்கக்கூடியவை. கேட்டால் ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். கேட்டதற்காகவே எடுத்துக்கொள்கிற நிறுவனம், பதினாறாவது மாதத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது இப்போதே தெரிந்துவிட்டது அல்லவா? இன்னும் ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா? இருந்தால் தொகை என்ன, அவர்களே உங்களை அனுப்பினாலும் கட்ட வேண்டுமா?

முடிந்தால் ஆறு மாதம் அவர் மட்டும் முதலில் போகட்டும். ஓர் அறை எடுத்துத் தங்கட்டும். அவள் இங்கே வேலையில் இருக்கட்டும், பையன் அதே பள்ளியில் படிக்கட்டும். பிரிந்திருப்பது கஷ்டம்தான், பிள்ளை இரவில் அப்பாவைக் கேட்டு அழும்தான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் வேலையின் குணம், மேனேஜரின் குணம், செலவின் குணம் எல்லாம் தெரிந்துவிடும். கல்வியாண்டு முடிந்ததும் சேர்ந்துகொள்ளலாம். வங்கியில் நீண்ட விடுப்பு எடுக்க வழியிருந்தால், ராஜினாமாவுக்குப் பதில் அதை எடுங்கள் தாயே!

ராஜினாமா செய்யத்தான் வேண்டும் என்றால் தேதியைப் பாருங்கள். ஐந்து வருடச் சேவை முடியாமல் எழுதிக் கொடுத்தால் கிராஜுவிட்டி கைவிட்டுப் போகலாம். ஐபிஏ கடிதத்தின் நகல் உங்கள் மெயிலுக்கு வர வேண்டும், வாட்ஸ்ஆப்பில் வரும் மங்கலான புகைப்படம் போதாது. அதில் உள்ள சம்பளமும் ஆஃபர் லெட்டரில் உள்ள சம்பளமும் வெள்ளிக்கு வெள்ளி ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், 'எங்க சிஸ்டர் கம்பெனிதான்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மனிதவள அமைச்சின் தளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், அன்றைக்கு மேனேஜர் அறைக்குப் போய் நோட்டீஸ் கொடுங்கள். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால், அங்கே சேரும் தேதியை அதற்கு ஏற்றபடி தள்ளிக் கேளுங்கள். தள்ள மாட்டோம், அடுத்த திங்கட்கிழமையே வா என்கிறவர்களிடம் ஏன் என்று காரணம் கேட்டுவிட்டு, பிறகு டிக்கெட் போடுங்கள்.